தடிக்காத புள்ளி

துனிசியாவில் எங்கள் ஊரான மென்ஸல் பூஸெல்ஃபாவில் ஆரஞ்சு பூத்துவிட்டால் மூக்குக்கு வேறு வேலை கிடையாது. சந்தையில் வறுக்கும் மீன், மசூதித் தெருவில் காயப்போட்ட மிளகாய், என் பிக்கப் வண்டியின் டீசல் புகை எல்லாமே அந்த வெள்ளைப் பூவின் வாசனைக்குக் கீழே அமுங்கிப் போகும். பெண்கள் நாரத்தை மரத்தடியில் துணி விரித்துப் பூ உதிர்த்து, செம்புப் பானையில் காய்ச்சி வாசனைத் தண்ணீர் இறக்குவார்கள். தேன்காரர்கள் வீட்டில் அந்தச் சமயம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச நேரம் இருக்காது. பூ இருக்கும்போது தேனீப் பெட்டிகள் தோப்புக்குள் இருக்க வேண்டும். இரண்டு நாள் வெயில் கூடுதலாக அடித்தாலும் பூ கொட்டிவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டு மொன்ஜியா தேன்காரி. அவள் அப்பா விட்டுப்போன பெட்டிகளை அவள்தான் பெருக்கினாள். புருஷன் கமைஸ் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். தேனடையை ரொட்டியில் வைத்துத் தின்பதோடு அவனுக்கும் தேனீக்கும் உள்ள உறவு முடிந்தது. பெட்டிகளை இடம் மாற்றுவதற்கு என் வண்டி. வசந்தத்தில் ஆரஞ்சுத் தோப்பு, கோடையில் ஸக்வான் மலைச்சரிவில் ஸாத்தர் என்னும் வாசனைச் செடியின் பூ. பல வருஷமாக அவள் பெட்டிகளை ஏற்றி இறக்கியதில் எனக்கும் நிறையக் கொட்டு விழுந்திருக்கிறது. மொன்ஜியா வாங்கிய கொட்டுக்குக் கணக்கே இல்லை. கையுறை போட மாட்டாள். "கையுறை போட்டா அதுங்க எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியாது, பஷீர் அண்ணே" என்பாள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் வழித்துப் போட்டுவிட்டுப் பெட்டியில் அடுத்த தேனடைச் சட்டத்தை எடுப்பாள்.

போன கோடையில் ஸக்வானில் ஒரே ஒரு தேனீ அவள் கழுத்தில் கொட்டியது. அன்றைக்கும் வழித்துத்தான் போட்டாள். அப்புறம் உள்ளங்கையைச் சொறிந்தாள். "நாக்கு பெருசான மாதிரி இருக்கு அண்ணே" என்று சொன்னவள், பெட்டி மேலேயே சரிந்தாள். நான் அவளைத் தூக்கி வண்டியில் போட்டபோது உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மூச்சு, அடைத்த குழாயில் காற்று போவதுபோலக் கீச்சென்று கேட்டது. மலையடிவாரத்து மருத்துவமனையில் தொடையில் ஊசி குத்திய பிறகுதான் அந்தச் சத்தம் நின்றது. இத்தனை வருஷம் கொட்டியும் வராதது ஏன் அன்றைக்கு வந்தது என்று நான் கேட்டேன். அங்கே இருந்த டாக்டர், சிலருக்கு அப்படித்தான் திரும்பும் என்றார். இன்னொரு முறை கொட்டினால் இங்கே வந்து சேர நேரம் இருக்காது என்றும் சொன்னார்.

அதற்கப்புறம் மொன்ஜியா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு தேனீ வந்து மோதினால் கமைஸ் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடுவான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்துவாள்.

துனிஸ் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஸிஹாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். ஒல்லியான அம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுவார். அவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டதும் கமைஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"டாக்டரம்மா, எந்த விஷம் இவளைக் கொல்லப் பாத்துச்சோ அதையே ஊசில ஏத்துறேங்கறீங்க. அதுக்கு நான் ஏன் துனிஸ் வரணும்? வீட்டுக் கொல்லையில சும்மா கிடைக்குதே!"

"உக்காருங்க கமைஸ். கொல்லையில இருக்கறது எவ்வளவு ஏத்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. என்கிட்ட இருக்கறது எனக்குத் தெரியும். கண்ணுக்கே தெரியாத அளவுல ஆரம்பிப்பேன். உடம்பு அதுக்குப் பழகினதும் கொஞ்சம் ஏத்துவேன். பழகப் பழக, கொட்டினாலும் உடம்பு பதறாது."

"எங்க ஆரம்பிக்கறதுன்னு எப்படித் தெரியும்?" என்று மொன்ஜியா கேட்டாள்.

"அதை உங்க தோல்கிட்டதான் கேக்கணும்."

அன்றைக்கு அவள் முன்கையை மேஜையில் நீட்டி வைக்கச் சொல்லி டாக்டர் பேனாவால் வரிசையாகப் புள்ளி வைத்தார். ஒரு புள்ளியில் வெறும் உப்புத் தண்ணீர். அது தடிக்கக் கூடாது. ஒரு புள்ளியில் அரிப்பை உண்டாக்கும் மருந்து. அது யாருக்குப் போட்டாலும் தடிக்கும். மற்றவற்றில் தேனீ விஷம், ஆயிரம் மடங்கு தண்ணீர் கலந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது வரை. கால் மணி நேரம் கழித்து ஒளி ஊடுருவும் சின்ன ஸ்கேலை வைத்து ஒவ்வொரு தடிப்பையும் அளந்தார். எந்தப் புள்ளியில் தோல் முதலில் எழும்பியதோ அதற்கும் கீழே போய் முதல் ஊசியைப் போட்டார். போட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. கண்ணுக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்து, வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இடையிடையே வந்து நாடி பிடித்தார்.

குளிர்காலம் முழுக்க இப்படிப் போனது. வாரம் ஒருமுறை விடியும்போது நாங்கள் மூவரும் என் வண்டியின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கிளம்புவோம். ஆஸ்பத்திரி வாசலில் கொண்டைக்கடலைச் சூப்பில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே முட்டையும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் விட்டுச் சாப்பிடுவோம். கமைஸ் ஹரிஸ்ஸாவை அள்ளிப் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணி வடிய, "டாக்டரம்மா ஏத்துற விஷமெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது" என்பான். மொன்ஜியா சிரிப்பாள். ஊசி அளவு ஏறிக்கொண்டே வந்தது. முழு அளவைத் தொட்டு, அது உடம்பில் நிலைத்ததும் பெட்டியைத் திறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரஞ்சு மொட்டு வைக்கும்போது முழு அளவுக்கு ஒரு படிதான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்துப் பழைய மருந்துக் குப்பி தீர்ந்தது. புதுசு வந்தது.

"ஊசிதானே, போடுங்க டாக்டரம்மா" என்று மொன்ஜியா கையை நீட்டினாள்.

"புதுக் குப்பி. முதல்ல தோல்ல பாத்துடறேன்."

"அதே மருந்து, அதே கம்பெனி, அதே பேருதானே?" என்றான் கமைஸ்.

டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "மொன்ஜியா, உங்க ஆரஞ்சுத் தேன் வருஷா வருஷம் ஒரே மாதிரியா இருக்கு?"

"அது எப்படி இருக்கும்? மழை கூடினா தண்ணியா இருக்கும். போன வருஷம் ஸ்பூன் நிமிர்ந்து நின்னுச்சு."

"இதுவும் தேனீகிட்டேர்ந்து வர்றதுதான். பழைய குப்பி ஃப்ரிட்ஜ்ல இருந்து இருந்து வீரியம் கொறஞ்சிருக்கும். நாம ஏறி வந்த படியெல்லாம் அந்தக் கொறஞ்ச மருந்துல ஏறினது. புதுசு எவ்வளவு வீரியமா இருக்குன்னு லேபிள் சொல்றதை மட்டும் நம்பி நான் போட மாட்டேன்."

மூன்று புள்ளிகள் வைத்தார். தண்ணீர், அரிப்பு மருந்து, புதுக் குப்பியில் இருந்து ஒரு துளி. கால் மணி நேரத்தில் மூன்றாவது புள்ளி பெரிய பட்டன் அளவுக்கு எழும்பிச் சுற்றிலும் சிவந்துவிட்டது. டாக்டர் ஸ்கேலை வைத்தார். இன்னொரு முறை வைத்தார்.

"இன்னிக்கு ஊசி கிடையாது. உங்களுக்குச் சளி வேற இருக்கு, இருமுறீங்க. சளியினாலகூட இருக்கலாம். அடுத்த வாரம் திரும்பப் பாக்கறேன். தடிப்பு அடங்கியிருந்தா விட்ட இடத்துலேர்ந்து போவோம். இல்லேன்னா கீழ இறங்கித் திரும்ப ஏறணும்."

"கீழன்னா?" மொன்ஜியாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஆரஞ்சுப் பூவுக்குள்ள முடியாது."

கமைஸ் கத்தினான். நடைபாதையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாசக்கணக்கா வர்றோம், இப்ப வந்து ஒரு பொட்டு சிவந்துச்சுன்னு திருப்பி அனுப்பறீங்களே, பூ உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா என்றெல்லாம் கேட்டான். அவன் கத்தி முடித்ததும் டாக்டர் ஸ்கேலைத் துடைத்து வைத்தார். "காத்திருக்காது. எனக்கும் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது வழியெல்லாம் மொட்டு வெடித்திருந்தது. மொன்ஜியா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். வண்டியில் தூங்குகிறவள் அல்ல அவள். சளியின் அசதி என்று நினைத்தேன்.

மறுபடி மூன்று புள்ளிகள். மறுபடி கால் மணி நேரம். கமைஸ் அவள் கை மேலேயே குனிந்து நின்றான். மூன்றாவது புள்ளி சின்னக் கொசுக்கடி அளவுக்குக்கூட எழும்பவில்லை. "பாத்தீங்களா டாக்டரம்மா! தரை மாதிரி இருக்கு!" என்று என் தோளில் அடித்தான். "பஷீர், சாயங்காலம் கயிறெல்லாம் எடுத்து வைடா!"

டாக்டர் வந்து பார்த்தார். மூன்றாவது புள்ளியை ஒரு கணம்தான் பார்த்தார். நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். விரலால் தடவினார். விளக்கை இழுத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடிக்கிற மாதிரி வைத்தார். யார் கைக்குப் போட்டாலும் தடிக்கும் என்று சொன்ன அந்த இடமும் தரைமட்டமாகக் கிடந்தது.

"என்னாச்சு?" என்றான் கமைஸ்.

டாக்டர் தன் வெள்ளைக் கோட்டின் கையை முழங்கை வரை மடித்தார். அதே அரிப்பு மருந்துக் குப்பியைத் திறந்து ஒரு சொட்டைத் தன் கையில் விட்டு, ஊசிமுனையால் குத்திக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மொன்ஜியாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நாங்கள் நாலு பேரும் அந்த மெலிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ ஒரு குழந்தையை அழாதே என்று அதட்டினார்கள். டாக்டரின் தோலில் வெளுப்பாக ஒரு மேடு எழுந்தது; சுற்றிச் சிவப்புப் படர்ந்தது. கை அரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் சொறியவில்லை.

"மருந்து நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "மொன்ஜியா, அலர்ஜி மாத்திரை எப்ப சாப்ட்டீங்க?"

"இவ ஏன் சாப்பிடப்போறா? டெஸ்டுக்கு முன்னாடி ஒரு வாரம் தொடக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்களே!" என்றான் கமைஸ்.

மொன்ஜியா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தாள். "நேத்து ராத்திரி ஒண்ணு. முந்தாநாளும். இன்னிக்கு விடியக்காலையில ஒண்ணு" என்றாள்.

கமைஸ் அவள் பக்கம் திரும்பினான்.

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோட்டுக் கையை இறக்கிவிடவில்லை; தடித்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே பேசினார். "அந்த மாத்திரை தோல் தடிக்கறதை அமுக்கிடும். என் கண்ணை மட்டும்தான் மூடும். விஷம் உள்ள போய் ரத்த அழுத்தம் விழுந்தா, மூச்சுக்குழாய் அடைச்சா, அதை இந்த மாத்திரை பிடிச்சு நிறுத்தாது. நான் இந்த மூணாவது புள்ளியை மட்டும் நம்பிப் பழைய அளவைப் போட்டிருந்தேன்னு வைங்க. ஸக்வான் மலையில பஷீர் பாத்ததை உங்க புருஷன் இங்க பாத்திருப்பாரு."

"பூ வந்துருச்சு டாக்டரம்மா" என்றாள் மொன்ஜியா.

"தெரியும். நான் வர்ற வழியிலயும் வாசனை வருது." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தோல்ல பாக்கறது ஜோசியம் இல்ல. எல்லாத்தையும் அது சொல்லிடாது, அதுல சரியா இருந்தும் சிலருக்கு ஊசி போட்டப்புறம் வந்திருக்கு. அதனாலதான் உங்களைப் பெஞ்சுல உக்கார வைக்கறேன். ஆனா எனக்கு முன்கூட்டிச் சேதி சொல்ல இருக்கற ஆளு அது ஒண்ணுதான். அதோட வாயையும் நீங்க கட்டிப்புட்டா நான் இருட்டுலதான் குத்தணும். மாத்திரையை நிறுத்துங்க. அடுத்த வாரம் வாங்க."

திரும்பி வரும்போது கிரொம்பாலியா தாண்டித் திராட்சைத் தோட்டங்கள் வந்ததும் கமைஸ் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"யாருக்காகச் சாப்ட்ட?"

"உனக்காகன்னு நெனச்சுக்காத."

"பின்ன?"

"கொர்பா ஊர்த் தேன்காரன்கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தியே, பெட்டியெல்லாம் மொத்தமா எடுத்துக்கன்னு. நான் அடுப்படியிலதான் இருந்தேன். காது எனக்குத் தடிக்கல."

கமைஸ் நேரே சாலையைப் பார்த்தான். "பெட்டி இருந்தா நீ போவ. போனா கொட்டும். விக்கலாம்னு சொன்னது அதுக்குத்தான். உன்னைத் திரும்ப அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. பஷீரைக் கேளு, அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து நான் எப்படி நின்னேன்னு."

"நிக்கல" என்றேன். "உக்காந்துட்டான். தரையில."

"அப்ப ஏன் டாக்டரம்மாகிட்ட அந்தக் கத்து கத்துன, ஊசியைப் போடு போடுன்னு?" என்றாள் அவள்.

"நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த. வேற யார்கிட்ட கத்தறது?"

மொன்ஜியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். கமைஸ் இறங்கிப் போய்த் திராட்சைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தான். அவள் குடித்து முடித்ததும், "பெட்டியை யாருக்கும் குடுக்கல. இந்தப் பூவுக்கு நான் எடுத்துட்டுப் போறேன். நீ வாயால சொல்லு, நான் கையால செய்யறேன்" என்றான்.

"உன் கைக்கு மோட்டார்தான் அடங்கும்."

"ராணி ஈயும் மோட்டாரும் ஒண்ணுதான். ரெண்டும் நின்னா எல்லாம் நின்னுடும்."

மாத்திரை நிறுத்திப் பார்த்தபோது புதுக் குப்பியின் துளி மறுபடி பெரிய பட்டனாக எழும்பியது. சளி அடங்கியிருந்தும் எழும்பியது. டாக்டர் மருந்தை இன்னும் தண்ணீர் கலந்து குறைத்துக் குறைத்துத் தோலில் பார்த்து, தோல் சும்மா இருக்கிற அளவுக்கு இறங்கி, அங்கிருந்து புதிதாக ஏறத் தொடங்கினார். மொன்ஜியா அதற்கப்புறம் ஒரு நாளும் "எப்போ முடியும்" என்று கேட்கவில்லை. புள்ளி வைக்கும்போது தானே விளக்கைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பாள்.

அந்த வருஷம் ஆரஞ்சுப் பூவுக்கு நாங்கள் பெட்டி ஏற்றியதை ஊரே பேசியது. விடிவெள்ளி இருக்கும்போதே கமைஸ் இரண்டு சட்டை, அதன் மேல் மழைக்கோட்டு, தலையில் வலைத் தொப்பி எல்லாம் போட்டு வந்து நின்றான். மொன்ஜியா என் வண்டிக்குள் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, கொட்டினால் உடனே போட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்திருந்த அவசர ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, போனில் அதிகாரம் செய்தாள்.

"பெட்டி வாசலை அடைச்சியா? நுரைப்பஞ்சு எங்க? அய்யோ, அதைத் தட்டாதே, கதவு தட்டற மாதிரி!"

"தட்டல, தூக்கறேன்!"

"தூக்கறவன் ஏன் குதிக்கற?"

"உள்ள போயிடுச்சு!"

"எங்க உள்ள?"

"கேக்காத!"

கண்ணாடிக்குள்ளே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிந்தது. பொழுது விடியும்போது கடைசிப் பெட்டியையும் தோப்பில் இறக்கினோம். கமைஸின் இடது கண் மூடிக்கொண்டது. தேன் எப்போதும் வருவதில் பாதிகூட வரவில்லை. இரண்டு கூட்டம் ராணியோடு பறந்துபோய்ப் பக்கத்துத் தோப்பு மரத்தில் தொங்கின. அவற்றைப் பிடித்துவர அவனுக்குத் தெரியவில்லை. அவள் வண்டிக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவளுக்குக் கஷ்டமான நாள்.

கோடையின் தொடக்கத்தில் முழு அளவு ஊசி நிலைத்தது. டாக்டர் நெஸிஹா, "இனிமே காட்டுல முதல் கொட்டு வாங்கறதைவிட இங்க வாங்கிடுங்க. என் கண் முன்னாடி" என்றார். ஆஸ்பத்திரியில் தேனீ இல்லை. மொன்ஜியாவையே கொண்டுவரச் சொன்னார்கள்.

ஒரு கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு வைத்து, மூடியில் ஆணியால் துளை போட்டு, கமைஸ் பிடித்துக் கொடுத்த ஐந்தாறு தேனீக்களை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் படுக்கவைத்து ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றினார்கள். தட்டில் மருந்துகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள். நர்ஸ் சீசாவைப் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கமாகவே நின்றாள். டாக்டரும் இடுக்கியை எடுத்துக்கொண்டு சீசாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டாக்டரம்மா, உங்களுக்குப் பயமா?" என்று மொன்ஜியா கேட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து."

"இத்தனை பேருக்கு இதையே ஊசில போட்டுக்கிட்டு?"

"ஊசி பறக்காதே."

மொன்ஜியா சீசாவை வாங்கி, மூடியைச் சற்றே விலக்கி, வெளியே எட்டிப் பார்த்த ஒரு தேனீயின் இரண்டு இறகையும் சேர்த்து விரல் நுனியால் பிடித்தாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாகத் தேனீயைத் தொடாத விரல். அதைத் தன் முன்கையில் வைத்து மெல்ல அழுத்தினாள். கமைஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தேனீ கொட்டியது. டாக்டர் கொடுக்கை உடனே எடுக்கவில்லை. முழு விஷமும் இறங்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வழித்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டினார்.

உட்கார்ந்திருந்தோம். டாக்டர் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. நாக்கு எப்படி இருக்கு, உள்ளங்கை அரிக்குதா, நெஞ்சு அடைக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொட்டிய இடம் வீங்கியது. பழக்கப்படி ஸ்கேலை எடுத்து அளந்தார். அது கொட்டு வாங்கிய யார் கையிலும் வருகிற வீக்கம்தான். ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து தரைக்கு இறங்கியது. மொன்ஜியா பசிக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, தலையில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊசியை நிறுத்தக் கூடாது, மாசா மாசம் வரணும், சில வருஷம் ஆகும். அவசர ஊசி எப்பவும் இடுப்புல இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஸக்வானில் ஸாத்தர் பூத்திருந்தது. பெட்டிகளைச் சரிவில் இறக்கி ஒரு வாரம் கழித்து, மதியத்துக்கு முன்பு, நாங்கள் மூவரும் போனோம். மொன்ஜியா வலைத் தொப்பி போட்டிருந்தாள். கமைஸ் கெஞ்சியதால் கையுறையும் போட்டாள், முதல் பெட்டிக்கு வருவதற்குள் கழற்றிப் பாக்கெட்டில் செருகிவிட்டாள். மூடியை நெம்பினாள். உள்ளேயிருந்து எழுந்த சூடும் வாசனையும் என்வரை வந்தது. ஒரு சட்டத்தை உருவி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கமைஸ் அவசர ஊசியின் மூடியைக் கழற்றத் தயாராகக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பின்னால் நின்றான். நான் தேனீக்களை அடக்கும் புகைக் குடுவையைப் பிடித்திருந்தேன்.

அவள் ஆள்காட்டி விரலில் ஒன்று கொட்டியது. அவள் சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு நகத்தால் கொடுக்கை வழித்துப் போட்டாள். கமைஸும் நானும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளத்தாக்கில் ஒரு ஆட்டு மந்தை போய்க்கொண்டிருந்தது. அதன் மணிச்சத்தம் தேய்ந்து மறையும் வரை யாரும் அசையவில்லை.

அவள் அடுத்த சட்டத்துக்குக் கையை விட்டாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ரெண்டு பேரும் எதுக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? புகையைக் குடுங்க."